அத்தையும் அவுட்டோர் யூனிட்டும்

பத்மநாபபுரம் அரண்மனையில் அந்தக் கறுப்புத் தரையைக் காட்டி வழிகாட்டிகள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, இன்னும் என்னென்னவோ சேர்த்து இழைத்த தரை, குனிந்தால் முகம் தெரியும் என்பார்கள். என்னைப் பார்க்க வந்த கல்லூரித் தோழிகள் குனிந்து முகம் பார்த்தார்கள். நானும் குனிந்தேன். அத்தை மட்டும் நிமிர்ந்தே நின்று கேட்டாள்.

"அப்பிடின்னா மஞ்சக்கருவ என்ன செய்தானுவ?"

வழிகாட்டியிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. சிரித்துவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தார். அத்தை விடவில்லை. "இம்புட்டுத் தரைக்கு எத்தன முட்ட ஒடச்சிருப்பானுவ. மஞ்சக்கருவ யாருக்காவது குடுத்தானுவளா, இல்ல களைஞ்சானுவளா? அதச் சொல்லும்." ராஜாவின் மூலிகைக் கட்டிலுக்கு முன்னால் நின்றும் அதையே கேட்டாள். ஊட்டுப்புரை என்னும் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய ஊறுகாய்ப் பரணிகளைப் பார்த்தபிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் ஏற்பட்டது. "ம், இங்க ஒருத்திக்கு மூள இருந்திருக்கு" என்றாள்.

தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் மாலையில் ரயிலேறிவிடுவார்கள். நான் அவளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

அத்தை என்றால் அப்பாவின் மூத்த அக்கா. தக்கலையில் மாடி வைத்த வீடு. அபுதாபியில் இருக்கும் மகன் கட்டியது. மாடியில் ஒரே ஒரு பெரிய அறை. மகன் விடுமுறைக்கு வரும்போது புழுங்காமல் தூங்க அதில் ஏசி மாட்டியிருந்தான். அவன் வருவது வருஷத்தில் ஒரு மாதம். மற்ற மாதமெல்லாம் அறை பூட்டிக் கிடக்கும். மாமா இறந்து வெகுநாள் ஆகிவிட்டதால் கீழே அத்தை தனியாக இருந்தாள். தனியாக என்று சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். வீட்டில் அவள் களையாமல் வைத்திருந்த சாமான்களைக் கணக்கெடுத்தால் அது ஒரு கூட்டுக் குடும்பம்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்து, பெங்களூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் கிடைத்த வேலைக்குப் போகாமல், சாக்லேட் செய்யப் போகிறேன் என்று குலசேகரத்தில் எங்கள் வீட்டில் அறிவித்த நேரம் அது. குலசேகரம் பக்கம் தென்னைக்கு நடுவே கோக்கோ மரம் நிற்கிறது. காயை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து எங்கோ யாரோ செய்த சாக்லேட்டை நாம் கடையில் வாங்குகிறோம். இது எனக்குத் தாங்க முடியாத விஷயமாக இருந்தது. ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் அப்பாவுக்குத் தாங்க முடிந்தது.

"அவனவன் ஷீட்ட வித்துட்டு டயர் வாங்கத்தானே செய்யான். நான் டயர் செய்யப் போனேனா?" என்றார்.

பேச்சு நின்றுபோயிருந்த அந்த வாரம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

"மாடி முறி அடச்சுக் கெடக்கு. ஏசி அடச்சுக் கெடக்கு. இவளும் இங்க அடச்சுக் கெடக்கா. மூணையும் ஒண்ணாச் சேத்துப் போடு தம்பி."

அன்று எனக்கு அவள் மேல் வந்த அன்புக்கு அளவில்லை. அவள் என்னையும் அந்தப் பூட்டிய அறையையும் ஒரே வகையில்தான் சேர்த்திருந்தாள் என்பது புரியக் கொஞ்ச நாள் ஆனது.

எதுவும் பயன்படாமல் போகக் கூடாது. அத்தையின் மதம் அவ்வளவுதான். அரிசி கழுவிய தண்ணீர் முருங்கைக்கு. பருப்பு வெந்து அடுப்பை அணைத்த பிறகு அந்த பர்னரின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பாள், மிச்சச் சூட்டில் வெதுவெதுப்பாகட்டும் என்று. அபுதாபி பார்சலில் ஒட்டி வந்த டேப்பை நகத்தால் உரித்து, ஒரு குச்சியில் சுற்றி, மறுபடி ஒட்டுவாள். ஒட்டாது. "ஒட்டும், அழுத்திப் பிடி" என்று என்னைப் பிடிக்க வைப்பாள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து, அதை இன்வர்ட்டருக்கு ஊற்றலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றினாள்.

ஆட்களையும் விட மாட்டாள். தபால்காரர் வந்தால் மச்சில் இருக்கும் உருளியை இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் உயரமானவர், அந்த உயரம் வீணாகக் கூடாது. மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்கு என்னைக் கூட்டிப்போனாள். பகவதியைப் பார்க்க வரிசை கடற்கரை வரைக்கும் நின்றது. அத்தை பையைத் திறந்து கொட்டை எடுக்காத புளியை வெளியே எடுத்தாள். எனக்கு ஒரு பிடி. முன்னால் நின்ற கருங்கல்காரப் பெண்ணுக்கு ஒரு பிடி. பின்னால் நின்ற தம்பதிக்கு ஆளுக்கு ஒரு பிடி. "சும்மா நிக்கத்தானே செய்யுதிய" என்றாள். கோயில் வாசல் வருவதற்குள் புளி முழுக்கக் கொட்டை எடுத்தாகிவிட்டது. முன்பின் தெரியாத அந்தப் பெண் கொட்டையையும் தனியாகப் பொதிந்து கொடுத்தாள். அத்தையிடம் யாரும் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

சாக்லேட்டுக்கு வருகிறேன். உருக்கிய சாக்லேட்டை அச்சில் ஊற்றினால் அது குளிர்ந்த அறையில் நிதானமாக இறுக வேண்டும். இருபது, இருபத்திரண்டு டிகிரி. அப்போதுதான் பளபளப்பு வரும், உடைத்தால் சத்தம் வரும். அறை சூடானால் ஒன்று இறுகவே இறுகாது, அல்லது இறுகிய பிறகு மேலே சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போகும். தின்னலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் யார் வாங்குவார்கள்?

தை, மாசி வரைக்கும் எல்லாம் நன்றாக நடந்தது. நாகர்கோவிலில் இரண்டு பேக்கரி வாங்கின. பங்குனியில் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. பெண்ணின் அக்கா நேரில் வந்தாள். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக ஆளுக்கு ஒரு சிறு பெட்டி சாக்லேட் வைக்க வேண்டும், சித்திரைக் கடைசியில் கல்யாணம், மண்டபம் கொள்ளும் அளவுக்கு ஆட்கள். நான் தலையை ஆட்டிய வேகத்தில் அவளே பயந்துபோனாள்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். கல்யாணத் தேதியைக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"சரி. இது ஒழுங்காப் போச்சுன்னா நான் ஒரு வார்த்த பேசல. கொளம்பிச்சுன்னு வையி, பிஸ்கட் கம்பெனிக்காரன் இன்னும் எடம் வச்சிருக்கான். நான் கேட்டாச்சு. கல்யாணத்தண்ணைக்குக் காரோட வாறேன். சாமான் கட்டி வையி, ரெண்டுல ஒண்ணு பாப்போம்."

அப்பா கேட்டாச்சு என்றால் கேட்டாச்சுதான்.

சித்திரை பிறந்ததும் அறை குளிராமல் போனது.

காலையில் குளிரும். பத்து, பத்தரை மணிக்குப் பிறகு தெர்மாமீட்டர் ஏற ஆரம்பிக்கும். இருபத்தி நாலு, இருபத்தி ஆறு, இருபத்தி எட்டு. ரிமோட்டைப் பதினாறுக்கு இறக்கினாலும் ஏசி வாயிலிருந்து வந்த காற்றுக்கும் ஃபேன் காற்றுக்கும் வித்தியாசம் இல்லை. சில நாள் உறுமிவிட்டுத் தானாகவே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மனசு வந்தால் மறுபடி ஓடும்.

எனக்குப் பிரச்சினை என்று ஒன்று வந்தால் உண்மையில் ஒரு சந்தோஷம் வரும், மறைக்க மாட்டேன். கண்டுபிடித்துவிடலாமே. ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். வோல்டேஜ் குறைகிறதோ என்று ஸ்டெபிலைசரின் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். குறையவில்லை. மேல்மாடி, மேற்குப் பார்த்த சுவர், தலைக்கு மேலே கான்கிரீட் தளம், பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு உள்ளே கக்குகிறது என்று முடிவு செய்து மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பின்பக்க ஜன்னல் முழுவதையும் தெர்மோகோல் வைத்து அடைத்தேன். கதவிடுக்கில் துணி திணித்தேன். தளத்தின் மேல் தென்னோலை வாங்கி நிழலுக்கு விரித்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஓலை இல்லை. அத்தை கீழே முற்றத்தில் உட்கார்ந்து ஈர்க்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வெயிலுக்கு நல்லாக் காஞ்சிருக்கு மக்கா. வாரியல் கட்ட இதுதான் பதம்."

"அது நிழலுக்குப் போட்டது அத்தை!"

"நெழலு விழுந்தாச்சுலா? பொறவு என்னத்துக்கு அங்க கெடக்கணும்?"



மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். தக்கலையில் கடை வைத்திருக்கும் அண்ணன், கத்தாரில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். புல்லட்டில் வருவார். அந்த புல்லட் சத்தம் முக்கில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்டுவிடும். வந்தார். அத்தை அவரைக் கீழே உட்கார வைத்து டீயும் நேந்திரங்காய் சிப்ஸும் கொடுத்தாள். பிறகு மேலே வந்தார். ஏசியைப் போட்டார். அறை குளிர்ந்தது. சும்மா இல்லை, ஜில்லென்று குளிர்ந்தது. பின்பக்கம் போய் அவுட்டோர் யூனிட்டைப் பார்த்தார். கேஸ் அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"ஒரு கொறையும் இல்லியே மோளே."

"நேத்து இருபத்தி எட்டு டிகிரி அண்ணா!"

"இப்பம் எத்தன?"

"இருபத்தி ஒண்ணு."

"பொறவு என்ன?" என்று பையை மூடினார்.

அவர் போன மறுநாள் மறுபடி இருபத்தி எட்டு. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி புல்லட், மறுபடி டீ, மறுபடி ஜில். நான் வீடியோ எடுத்துக் காட்டினேன். அவர் அந்தத் தெர்மாமீட்டரைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு என்னையும்.

"எனக்க மூஞ்சியக் கண்டாலே அதுக்குக் குளிரு வருது போல. ஒரு போட்டோ தாறேன், செவுத்துல மாட்டி வையி."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பு எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

இதற்குள் கல்யாணத்துக்கென்று ஊற்றிய முதல் தட்டுகள் எல்லாம் வெளுத்துப்போயின. இரவு இருந்து செய்யலாமே என்று கேட்பீர்கள். இரவில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கோடை மழை தினமும் மூன்று மணிக்குமேல் இடியோடு வந்து ஏதாவது ஒரு கம்பியை அறுத்துவிட்டுத்தான் போகும். எனக்குக் கிடைப்பது பகல்தான். அந்தப் பகல்தான் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. வெளுத்த சாக்லேட்டை அத்தை களைய விடவில்லை. புட்டுக்குப் பழத்துக்குப் பதிலாக அதைப் பிசைந்து தின்றாள். "இதுக்கு என்ன கேடு? கொள்ளாமே, நல்லாத்தானே இருக்கு. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"கல்யாண வீட்டுக்கு இதக் குடுக்க முடியாது அத்தை. குடுத்தா நான் பெங்களூருக்குப் போவணும்."

"பெங்களூருல என்ன, ஆளு இல்லியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ஒரு வாய் புட்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தின்றாள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஏசி அடியோடு நின்றது. நான் போனில் கிட்டத்தட்ட அழுதேன். மெக்கானிக் அண்ணனுக்கே பாவமாகிவிட்டது. புல்லட் சர்வீசுக்கு விட்டிருந்ததால் பஸ் ஏறி, முக்கில் இறங்கி, நடந்தே வந்தார். கீழே யாரும் இல்லை. அவர் பின்பக்கப் படி வழியாக நேரே அவுட்டோர் யூனிட்டுக்கு ஏறினார். அங்கிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். திட்டுகிறாரா, பயந்துவிட்டாரா என்று தெரியவில்லை. ஓடினேன்.

பின்பக்கச் சின்ன வராந்தாவில் அவுட்டோர் யூனிட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு கூடாரம் நின்றது. ரப்பர் மரத்துக்கு மழைக்காலத்தில் கட்டும் பிளாஸ்டிக் தாள், எங்கள் அப்பா கடையிலிருந்து வாங்கி வந்ததுதான், அதை நான்கு மூங்கில் கழியில் சுற்றிக் கட்டி, இடுக்கில்லாமல் அந்த உரித்தெடுத்த டேப்பால் ஒட்டியிருந்தது. அண்ணன் ஒரு மூலையைத் தூக்கினார். உள்ளேயிருந்து அடித்த காற்றில் கண் எரிந்தது. மோர்மிளகாய். மூன்று அடுக்கு. மேலடுக்கில் முறத்தில் மோர்மிளகாய், நடுவில் பாயில் கொத்தவரங்காய் வற்றல், கீழே கயிற்றில் துணிகள். துணியில் பாதி எங்கள் வீட்டுத் துணியே இல்லை. பக்கத்து வீட்டுப் பச்சைக் குழந்தையின் துணி, யாரோ ஒரு பையனின் கிரிக்கெட் பனியன், இடுப்பில் கட்டும் ஒரு சாரம். இவை எல்லாவற்றுக்கும் நடுவே, மூச்சு முட்டி, என் அவுட்டோர் யூனிட்.

அந்தப் பெட்டிக்கு இருக்கும் வேலையே ஒன்றுதான். அறையிலிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளுவது. தள்ளிய சூட்டைக் கூடாரம் கட்டி அதன் முகத்திலேயே திருப்பி அடித்தால் அது எங்கே போகும்?

"இது ஏசியா, பேக்கரி அடுப்பா?" என்றார் அண்ணன்.

முதுகுக்குப் பின்னால் முறத்தில் இன்னொரு ஈடு மிளகாயோடு அத்தை படியேறி வந்துகொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் முதலில் செய்த காரியம், முந்தானையால் முறத்தை மூடியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெளி ஆள் கண் பட்டால் வற்றல் எண்ணெயில் பொரியாமல் கருகிப்போகும் என்பது அத்தையின் நம்பிக்கை. அதனால் முக்கில் புல்லட் சத்தம் கேட்டதும் ஓடிவந்து, கூடாரத்தைப் பிரித்து, எல்லாவற்றையும் அள்ளிக் கீழே கொண்டுபோய், பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி டீ போட்டிருக்கிறாள். டீ குடித்து முடிப்பதற்குள் யூனிட்டுக்கு மூச்சு திரும்பி, அறை குளிர்ந்திருக்கிறது. அவர் போனதும் மறுபடி கூடாரம். நானோ பின்பக்கம் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல், உள்ளே ஜன்னலைத் தெர்மோகோல் வைத்து அடைத்துக்கொண்டு விஞ்ஞானம் செய்துகொண்டிருந்தேன்.

"அத்தை, இது என்ன?"

"காத்து மக்கா. எப்பிடிச் சூடா வருது பாத்தியா? நாளு முழுக்க வெளிய போவுது. உள்ள நீ குளிர எடுத்துக்கிட, இத ஒருத்தரும் எடுக்கல. மழ வந்தாலும் நனையாது, காக்காவும் கொத்தாது. நாலு வீட்டுக்காரியளையும் கொண்டு வரச் சொன்னேன்."

"நாலு வீடா!"

"கூடிப் போனா நாலு வீடுதான், எல்லாருக்கும் எடமிருக்கு."

நான் என்ன கத்தினேன் என்று முழுதாக எழுத முடியாது. கத்தினேன். கல்யாணம், பெங்களூர், அப்பா, வெளுத்த தட்டுகள், தென்னோலை, டேப், மஞ்சக்கரு, எல்லாம் வந்தது. உங்களுக்கு ஒரு பொருளைப் பார்த்தால் அதைச் சும்மா விடவே தெரியாதா என்று கேட்டேன். அண்ணன் யூனிட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.  நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அத்தை கேட்டாள்.

"இதுனாலயா அது வெளுத்துது?"

"இதுனாலதான்!"

"நீ சொல்லலியே, ஏட்டி."

"நீங்க காட்டலியே!"

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கழிகளைப் பிடுங்கினாள். அண்ணன் உதவிக்குப் போனார். வேண்டாம் என்று கையை உதறினாள். அவள் கண் கலங்கியிருந்தது. மிளகாய்க் காந்தலாகவும் இருக்கலாம். பக்கத்து வீடுகளுக்கு அவளே துணிகளை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "இனி இங்க காய வைக்கப்பிடாது, பிள்ளைக்குச் சோலி இருக்கு" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது.

யூனிட் ஆறியதும் தானாகவே ஓடியது. அறை குளிர்ந்தது. அண்ணன் யூனிட்டுக்கு முன்னால் எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார். நான் அந்த இடத்தில் தரையில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன். இந்தக் கோட்டைத் தாண்டி ஒரு முறம், ஒரு துணி, ஒரு வற்றல் வரக் கூடாது என்று சொன்னேன். பெயின்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். படிக்கட்டுக்கு அடித்து மிச்சமான பாதி டப்பாவை அத்தைதான் எடுத்துக் கொடுத்தாள். அதைக் கொடுக்கும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நான்கு நாளும் பகலெல்லாம் ஊற்றினேன், இறுக வைத்தேன், அச்சைத் தட்டினேன். பளபளவென்று வந்தது. கீழே அத்தை பெட்டி மடித்தாள். தபால்காரரும் மடித்தார். பால்காரர் மடித்தார். கடைகளுக்கு முட்டை கொண்டுபோகும் ஆட்டோக்காரரைக்கூட விடவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை.

கல்யாணத்தன்று காலையில் அப்பா காரோடு வந்தார். வந்ததும் என் துணிப்பெட்டி வாசலில் இருக்கிறதா என்றுதான் பார்த்தார். இருந்தது. சொன்னால் சொன்னபடி கட்டி வைத்திருந்தேன். கடைசித் தட்டு மட்டும் மேலே இறுகிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டு ஜீப் பத்தரைக்கு வரும்.

பத்து மணிக்குத் தெர்மாமீட்டர் ஏறியது. இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு.

பின்பக்கம் பாய்ந்தேன். முறம் இல்லை, துணி இல்லை. அவுட்டோர் யூனிட்டுக்கு முன்னால், கோட்டுக்கு உள்ளே, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். புடவையை முட்டிவரை ஏற்றி, கால் இரண்டையும் அந்தக் காற்றில் நீட்டி, கண்ணை மூடியிருந்தாள்.

"அத்தை!"

"ஒண்ணும் காய வைக்கல மக்கா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "முட்டு வலி. நான் மாத்திரம்தான் இருக்கேன்."

"நீங்களும் இருக்கப்பிடாது!"

"ஆளுக்குமா?"

"ஆளுக்கும்தான். கோட்டுக்கு வெளிய போங்க."

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்கும்வரை நான் அங்கேயே நின்றேன். முனகிக்கொண்டே போனாள். கோட்டின் மேல் சரியாக ஸ்டூலின் முன்கால் இரண்டும் நின்றன. அதற்குமேல் சண்டை போட நேரமில்லை. தெர்மாமீட்டர் மெல்ல இறங்கியது. தட்டைக் கவிழ்த்தேன். சாக்லேட்டுகள் மேசையில் விழுந்த சத்தம் நன்றாக இருந்தது.

ஜீப்பில் பெண்ணின் அக்காவே பட்டுப்புடவையோடு வந்தாள். ஒரு பெட்டியைத் திறந்தாள். ஒன்றை எடுத்து உடைத்தாள். கடித்தாள். அப்பா கார் கதவில் சாய்ந்துகொண்டு அவள் வாயையே பார்த்தார். நானும்.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றாள் அவள். "இத மண்டபத்துல ஏசியிலதான் வைக்கணுமா?"

"வெயில்ல மட்டும் வைக்காதீங்க."

பெட்டிகள் ஏறின. ஜீப் போனது. நான் திரும்பி அப்பாவிடம் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கப் போனேன். கார் மட்டும் நின்றது. அப்பாவைக் காணோம். துணிப்பெட்டி வாசலிலேயே இருந்தது. கீழே தேடினேன், அடுக்களையில் தேடினேன். மேலே போனால், ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அறையில் தெர்மாமீட்டர் மறுபடி இருபத்தி மூணைத் தாண்டியிருந்தது.

பின்பக்க வராந்தாவில் இரண்டு ஸ்டூல். அத்தை பழையபடி. பக்கத்தில் அப்பா, சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வலது தோளை யூனிட்டுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஷீட் கட்டுகளைத் தூக்கித் தூக்கி இறுகிப்போன தோள். எத்தனையோ எண்ணெய்க்கும் மசியாதது.

"அப்பா."

"ம்."

"ஜீப் போயாச்சு. அவியளுக்குப் பிடிச்சிருக்கு."

"பாத்தேன்."

"பெங்களூருக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. தோளைக் கொஞ்சம் திருப்பி, இன்னும் கொஞ்சம் காற்றுக்குக் கொடுத்தார்.

"இது சாயங்காலம் வரைக்கும் ஓடுமா?"

"ஆர்டர் முடிஞ்சாச்சு. இப்பம் ஆஃப் பண்ணிருவேன்."

"என்னத்துக்கு ஆஃப் பண்ணணும்? அடுத்ததச் செய்யி."

"நான் அதத்தான் சொன்னேன்" என்றாள் அத்தை. அவள் அப்படி எதுவும் சொன்னதை நான் கேட்கவில்லை.

துணிப்பெட்டியை இனி உள்ளே எடுத்து வைக்கலாம். அறையிலோ சூடு ஏறிக்கொண்டிருந்தது.

"அப்பம் ரெண்டு பேரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க" என்றேன்.

அப்பா ஸ்டூலைப் பின்னால் இழுத்துப் போட்டார். அத்தை ஒரு காலை மட்டும் எடுத்தாள்.